ஆற்றங்கரைச் சாலையில் கை தூக்காதவள்

"நான் நிக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன்," என்றாள் ஒடீல்.

ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து இன்னும் யாரும் பூட்ஸைக் கழற்றவில்லை. அவளுடைய அக்கா நோர்மாண்ட் இரும்புக்கல்லில் தோசைபோல ப்ளாய் ஊற்றிக்கொண்டிருந்தாள். ப்ளாய் ஒரு பக்கம்தான் வேக வேண்டும். திருப்பிப் போட்டால் கெட்டது. அதனால் அவள் கல்லை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"எதுல நிக்கறே?"

"ஊர்க்குழுவுல. ஒரு இடம் காலியாகுதில்ல."

"அதுக்கு லூட்ஜர் நிக்கறான்."

"நிக்கட்டும்."

"ஏண்டி, அவன் இருபது வருஷமா இந்த ஊர்ல பனி தள்ளறான். எந்த வீட்டு வாசல்ல எந்தப் படி உடைஞ்சிருக்குன்னு அவனுக்குத் தெரியும். நீ இத்தனை வருஷமா எங்கெங்க இருந்தேன்னு கூடப் பொறந்த எனக்கே சரியாத் தெரியாது."

"அதனாலதான் நிக்கறேன்."

"அதனாலதான்னா?"

ஒடீல் கோப்பையில் இருந்த காப்பியைப் பார்த்தாள். "நான் வந்து நாலு மாசமாச்சு. கடையில, கோயில்ல, எங்க பார்த்தாலும் 'வந்தியா, எப்போ கிளம்பறே'ன்னு கேக்கறாங்க. இருக்கியான்னு ஒருத்தர் கேக்கலை."

"பழக்கதோஷம். நீ கிளம்பிக்கிட்டேதானே இருந்தே."

மேசையின் மறுமுனையில் ஒடீலின் மகள் மரீஸ், ப்ளாயில் வெண்ணெய் தடவிச் சுருட்டி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாள். பத்தொன்பது வயது. அதிகம் பேசாதவள் என்று பெயரெடுத்தவள். அவள் கேட்டாள்: "தோத்துட்டா?"

"பாங்கோர்ல டிரைவர்களுக்குச் சொல்லிக்குடுக்கற வேலை ஒண்ணு இருக்கு. ஏப்ரல் வரைக்கும் எனக்காக வச்சிருக்காங்க. தோத்தா அங்க போயிடுவேன்."

"அது என்ன பேச்சு," என்றாள் நோர்மாண்ட். "தோத்தா வீட்ல இரு. ப்ளாய் சுடு."

"எனக்கு ப்ளாய் வராது."

"அது ஊருக்கே தெரியும்."

சகோதரிகள் இருவரும் சிரித்தார்கள். மரீஸ் சிரிக்கவில்லை. பாங்கோர் தெற்கே நான்கு மணி நேரம். அம்மா இந்த வீட்டில் இருப்பாளா போவாளா என்பது மார்ச் மாதம் ஊர்க்கூட்டத்தில் முன்னூறு பேர் பெட்டியில் போடும் சீட்டில் இருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

சீர் குடும்பத்து ஒடீல், செயிண்ட் ஓமர் என்ற ஊரில் பிறந்தவள். அமெரிக்காவின் மேய்ன் மாநிலம் முடிகிற இடத்தில், ஆற்றுக்கு இந்தக் கரையில் இருக்கிற ஊர் அது. அந்தக் கரை கனடா. வீட்டில் பிரெஞ்சு, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், உருளைக்கிழங்கு வயலில் இரண்டும். அவள் கணவன் தெற்கே தொழிற்சாலை வேலைக்குப் போனவன், அங்கேயே வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டுவிட்டான். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்தவள் நேஷனல் கார்டு படையில் சேர்ந்தாள். மாதத்துக்கு ஒரு வாரக்கடைசி, கோடையில் இரண்டு வாரம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். வயலில் லாரி ஓட்டிப் பழகியவள் என்பதால் லாரிப் பிரிவில் போட்டார்கள். மரீஸுக்கு ஆறு வயதானபோது அந்தப் பிரிவை இராக்குக்கு அனுப்பினார்கள். பத்து வயதானபோது மறுபடியும். அதற்குப் பிறகு தெற்கே முகாமிலேயே முழுநேர வேலை; கிறிஸ்துமஸுக்கு வருவாள், உருளைக்கிழங்கு அறுவடைக்குப் பள்ளிக்கூடம் மூடுகிற செப்டம்பரில் சில வருஷம் வருவாள், சில வருஷம் வரமாட்டாள்.

மரீஸ் நோர்மாண்ட் பெரியம்மாவிடம் வளர்ந்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரியம்மா தலை வாரினாள், சளிக்கு மருந்து தடவினாள், பள்ளிக்கூட நாடகத்துக்குத் துணி தைத்தாள். ஆனால் வாசலில் ஏதாவது வண்டி திரும்பும் சத்தம் கேட்டால், சோறோ கணக்குப் பாடமோ எதில் இருந்தாலும், பிள்ளையின் கை அப்படியே நின்றுவிடும். சத்தம் அடுத்த வீட்டுக்கென்று தெரிந்ததும் கை மறுபடி வேலை செய்யும். பெரியம்மா இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

போன செப்டம்பரில் ஒடீல் ஓய்வு பெற்று ஒரேயடியாக வந்து சேர்ந்தாள். மாடியில் மரீஸின் அறைக்கு எதிர் அறை. மரீஸ் பக்கத்து ஊர்க் கல்லூரியில் ஆசிரியப் பயிற்சி படிக்கிறாள். மாலையில் வந்தால் அம்மா வீட்டில் இருப்பாள். அவ்வளவுதான். இருவருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. உப்பை எடு, பல்பு போயிடுச்சு, இன்னிக்கு ரொம்பக் குளிர் — இந்த மூன்றை வைத்துக்கொண்டு நான்கு மாதம் ஓட்டினார்கள். ஆனாலும் எதிர் அறையில் அம்மா இருமும் சத்தம் கேட்கும்போது மரீஸ் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

பிப்ரவரி முழுக்க வீடு வீடாகப் போனார்கள். ஒடீல் தனியாகத்தான் கிளம்பினாள், முதல் நாள் வாசலில் மரீஸ் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "நீயுமா?" என்றாள். மரீஸ் தலையாட்டினாள். அம்மாவுக்குப் பக்கத்து இருக்கையில் தொடர்ந்து இத்தனை நேரம் அவள் உட்கார்ந்ததே இல்லை.

அங்குதான் ஒரு பிரச்சினை மரீஸின் கண்ணில் பட்டது.

ஆற்றங்கரைச் சாலையில் எதிரே வண்டி வந்தால் கை தூக்க வேண்டும். கை என்றால் முழுக் கை கூட வேண்டாம். ஸ்டீரிங்கின் மேலிருந்து இரண்டு விரல் எழுந்தால் போதும். தெரிந்தவரோ தெரியாதவரோ, பனிப்புயலோ வெயிலோ, தூக்கியே ஆக வேண்டும். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, குழந்தைகள் பின் இருக்கையிலிருந்தே கற்றுக்கொள்கிறார்கள். தூக்காதவன் வெளியூர்க்காரன், அல்லது உங்கள்மேல் ஏதோ கோபத்தில் இருக்கிறான். வேறு காரணம் அந்த ஊரில் கிடையாது. லூட்ஜர் பனி தள்ளும் வண்டியின் உயரத்திலிருந்து, ஏதோ ஆசீர்வாதம் கொடுப்பதுபோல முழுக் கையையும் விரிப்பான்.

ஒடீல் தூக்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, எதிர் வண்டி வரும்வரை சாலையின் நடுவிலேயே ஓட்டினாள். கண் சாலையில் இல்லை. இரண்டு ஓரத்திலும் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தது. எவனோ தூக்கிப்போட்ட கறுப்புப் பை ஒன்று பனிமேட்டில் சொருகிக் கிடந்தது. அதைப் பார்த்ததும் மறுபக்கத்துக்கு ஒடித்து ஓட்டிவிட்டு, தாண்டிய பிறகுதான் மூச்சு விட்டாள். எதிரில் வந்தவர்கள் எல்லாரும் கை தூக்கினார்கள். தூக்கிய கையோடு கடந்து போனார்கள்.

ஜெரார் ஓவெல்லே வீட்டுக்குப் போனபோது அவர் ஒடீலைக் கிழங்குக் கிடங்கின் கூரையைக் காட்டக் கூட்டிப்போனார். அவர் மனைவி லேயா மரீஸுக்கு முன்னால் பிஸ்கட் தட்டை வைத்தாள். வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"உங்கிட்ட ஒண்ணு கேக்கலாமா கண்ணு? தப்பா நினைக்காதே. உங்கம்மாவுக்கு நாங்க என்ன பண்ணோம்?"

"எதுவும் இல்லையே."

"இலையுதிர் காலத்துல இருந்து இவரு ரோட்ல கை தூக்கறாரு. அவ ஒரு தடவை திருப்பித் தூக்கலை. ரெண்டு பேரும் ஒரே வகுப்பு. முதல்ல கண்ணாடி பனி பூத்திருக்கும்னாரு. அப்புறம் வெயில் கண்ணுல அடிச்சிருக்கும்னாரு. போன வாரம் வீட்டுக்கு வந்து சாப்பாட்டுல கை வைக்கலை. 'பட்டாளத்துக்குப் போனா பழசு மறந்துடும்போல'ன்னு சொல்லிட்டுப் படுத்துட்டாரு." லேயா தட்டை இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். "சாப்பிடு. நீ என்ன பண்ணுவே பாவம்."

திரும்பும் வழியில் மரீஸ் சொன்னாள்: "அம்மா, கை தூக்கணும்."

"தெரியும்."

"எல்லாரும் நினைக்கிறாங்க..."

"தெரியும்டி. இதே ரோட்ல வண்டி கத்துக்கிட்டவ நான்." ஒடீலின் கண் ஓரத்திலேயே இருந்தது. "தூக்கணும்னுதான் நினைக்கிறேன். நினைச்சது கைக்குப் போய்ச் சேரறதுக்குள்ள அந்த வண்டி போயிடுது. இராக்குல ரோட்டோரத்துல எதுவும் சும்மா கிடக்காது, உள்ள குண்டு வச்சிருப்பாங்க. டயர், மூட்டை, செத்த நாய். ஒரு கையை எடுக்கற நேரம்தான். கண்ணு அங்க, கை இங்கன்னு ரெண்டு வருஷம். இப்போ இது வேற ஊருன்னு சொன்னா கேக்க மாட்டேங்குது."

"இதை லேயா அத்தைகிட்டச் சொன்னா போதும். புரிஞ்சுக்குவாங்க."

"சொல்லக் கூடாது."

"ஏன்?"

"ரோடு பத்திப் பேசிக் கேக்கறேன், பள்ளிக்கூட பஸ் பத்திப் பேசிக் கேக்கறேன். அதுக்குப் போடட்டும், இல்லேன்னா போடாம விடட்டும். ஐயோ பாவம்னு போடற ஓட்டு எனக்கு வேண்டாம். அப்படி உக்கார வச்சாங்கன்னா, கடைசி வரைக்கும் நான் அந்த நாற்காலியில பாவமாவே உக்காந்திருக்கணும். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

சொல்லக் கூடாது என்றுதானே அம்மா கேட்டாள், வேறொன்றும் செய்யக் கூடாது என்று கேட்கவில்லையே. மறுநாளிலிருந்து எதிரே வண்டி வரும்போதெல்லாம் மரீஸ் பக்கத்து இருக்கையிலிருந்து கை தூக்கினாள். இயல்பில் கூச்சக்காரி, முதலில் தோள் உயரத்துக்குத்தான் எழும்பியது. பிறகு கண்ணாடி உயரத்துக்கு வந்தது. ஒரு வாரம் இருவருக்கும் சேர்த்து அவள் ஒருத்தியே தூக்கினாள்.

அடுத்த ஞாயிறு நோர்மாண்ட் பெரியம்மா கோயில் சமையற்கட்டிலிருந்து செய்தியோடு வந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் சண்டையாமே?"

"யாரு?"

"தாயும் மகளும். ஊரே பேசுது. ஒரே வண்டியில போறாங்களாம், பொண்ணு எல்லாருக்கும் கை தூக்குதாம், அம்மாக்காரி கல்லு மாதிரி உக்காந்திருக்காளாம். பொண்ணு மன்னிப்புக் கேட்டுக்கிட்டு வருது, வீட்லயே அவளுக்கு ஆதரவு இல்லைன்னு லூட்ஜரோட மச்சினி சொல்றா."

மரீஸுக்கு முகம் சிவந்துவிட்டது. ஒடீல் அக்காவைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அம்மா அப்படிச் சிரித்து மரீஸ் பார்த்ததில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, இனிமே ரெண்டு பேரும் சேர்ந்தே தூக்காம இருப்போம்," என்றாள்.

"உருப்பட்ட மாதிரிதான்," என்றாள் பெரியம்மா.

அன்றிலிருந்து சீர் வீட்டு வண்டியில் யாரும் கை தூக்கவில்லை. ஊருக்கு அது இன்னும் மோசமாகப் பட்டிருக்கும். ஆனால் அந்தக் கடைசி மூன்று வாரமும் வண்டிக்குள் பேச்சு இருந்தது. மரீஸ் பனிமேட்டில் கிடப்பதைப் பார்த்து, "அது வெறும் அட்டைப்பெட்டி" என்பாள். "பார்த்தேன், பார்த்தேன்" என்பாள் ஒடீல். போகப் போக மரீஸ் இன்னும் தள்ளியிருக்கும்போதே சொல்லிவிடுவாள்: வேலிக்கம்பு, யாரோட குல்லாவோ, செத்த முள்ளம்பன்றி. அம்மாவின் தோள் கொஞ்சம் இறங்கும். இது இப்படியே மார்ச்சைத் தாண்டிப் போக வேண்டும் என்று மரீஸின் மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

ஊர்க்கூட்டம் எப்போதும்போலப் பள்ளிக்கூட விளையாட்டுக்கூடத்தில் நடந்தது. வெளியே கடைசிப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஈரக்கோட்டு வாசமும் அவரை வேகும் வாசமும். காலையில் சாலைச் செலவு, தீயணைப்பு வண்டி என்று பேசி முடித்து, பெண்கள் வைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டு, மதியத்துக்கு மேல் ஆள் தேர்வுக்கு வந்தார்கள். நோர்மாண்ட் எழுந்து தங்கையின் பெயரைச் சொன்னாள். தபால் அலுவலகத்துப் பெண் வழிமொழிந்தாள். லூட்ஜரின் பெயரை ஒருவர் சொல்ல, எத்தனையோ பேர் வழிமொழியக் கிளம்பினார்கள். சீட்டு கொடுப்பதற்கு முன், யாருக்காவது கேள்வி உண்டா என்று கூட்டத்தலைவர் கேட்டார்.

ஜெரார் ஓவெல்லே எழுந்தார். தொப்பியைக் கையில் வைத்து உருட்டினார்.

"எனக்கு ஒண்ணு ஒடீலைக் கேக்கணும். ரோடு பத்தி நீ சொன்னதெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த ரோட்ல எதிர்ல வந்தா எங்க மூஞ்சியையே பார்க்க மாட்டேங்கறே. இந்த மேசையில உக்காந்தா மட்டும் பார்ப்பியா?"

அங்கங்கே சிரிப்பு எழுந்தது. கெட்ட சிரிப்பில்லை, ஆனால் நிறையப் பேர் சிரித்தார்கள்.

ஒடீல் எழுந்தாள். "நீ கேக்கறது நியாயம் ஜெரார். தூக்கலைதான். உன்மேல ஒண்ணுமில்லை, யார்மேலயும் ஒண்ணுமில்லை. மன்னிக்கணும்." இன்னும் ஏதோ சொல்வாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

பின்வரிசையில் மரீஸின் நாக்கு நுனியில் அது நின்றது. நான்கு வாக்கியம் போதும். டயர், மூட்டை, செத்த நாய். லேயா அத்தை கைக்குட்டையை எடுத்துவிடுவாள். ஜெரார் மாமா கூட்டத்திலேயே வந்து அம்மாவைக் கட்டிக்கொள்வார். அம்மா ஜெயிப்பாள், எதிர் அறையில் இருமல் கேட்டுக்கொண்டே இருக்கும். இரும்பு நாற்காலி கிறீச்சிட்டது. தான் எழுந்து நிற்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. முன்வரிசையில் ஒடீல் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லாத பார்வை. இரண்டாம் முறை இராக்குக்குக் கிளம்பியபோது வாசலில் நின்ற பத்து வயதுப் பிள்ளையைப் பார்த்ததுபோலப் பார்த்தாள்.

"என்ன மரீஸ், ஏதாவது சொல்லணுமா?" என்றார் கூட்டத்தலைவர்.

"இல்லை. ஜன்னலைத் திறக்கலாமான்னு..."

"வெளியில பனி கொட்டுது பொண்ணே."

கூடமே சிரித்தது. மரீஸ் உட்கார்ந்தாள். சீட்டு கொடுத்தார்கள், மரப்பெட்டி வரிசையாக வந்தது, எண்ணினார்கள். லூட்ஜர் ஜெயித்தான். பெரிய வித்தியாசமில்லை, ஒரு நீளமான மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் அடங்கிவிடும் அளவு ஆட்கள். லூட்ஜர் நல்லவன், முதலில் ஒடீலிடம் வந்து கை கொடுத்தான். "நீ சொன்ன அந்தப் பாலத்தடி மதகு வேலையை நான் எடுத்துச் செய்யறேன்," என்றான். அப்புறம், ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமென்று தேடி, "எப்போ கிளம்பறே?" என்றான்.

ஏப்ரலில் ஆற்றுப் பனிக்கட்டி உடையப்போகிறது என்றால் ஊர்க்காரர்கள் பூசை முடிந்ததும் வண்டியைக் கரையோரம் நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். காப்பி குடித்துக்கொண்டு, என்றைக்கு உடையும் என்று பந்தயம் கட்டிக்கொண்டு. அந்த ஞாயிறு ஒடீலும் தன் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தாள். நின்ற வண்டியில் அவள் கைகள் ஸ்டீரிங்கை விட்டு மடிக்கு இறங்கின. சிவந்த, முட்டி பெருத்த கைகள். மரீஸ் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆற்றின் நடுவில் கறுப்பாக ஒரு கோடு ஓடியிருந்தது. எங்கோ அடியில் பனிக்கட்டி முனகியது.

"புதன்கிழமைக்குள்ள பாங்கோர்காரங்களுக்குப் பதில் சொல்லணும்," என்றாள் ஒடீல்.

"பெரியம்மா சொன்னாங்க."

"அவ போகாதேன்னு சொல்லிட்டா. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அவ சொன்னா அது திட்டற மாதிரிதான் இருக்கு."

மரீஸ் லேசாகச் சிரித்தாள். பிறகு இத்தனை நாளாக வைத்திருந்ததைச் சொன்னாள். "அன்னிக்கு நான் எழுந்து சொல்லியிருந்தா நீ ஜெயிச்சிருப்பே."

"ஆமா."

"சொல்லியிருக்கணுமா?"

"வேண்டாம். நீ சொல்லாம உக்காந்தியே, அப்போ எனக்கு..." ஒடீல் நிறுத்திக்கொண்டாள். கண்ணாடியில் படிந்த மூச்சைப் புறங்கையால் துடைத்தாள். பக்கத்து வண்டியில் யாரோ வானொலியைச் சின்னதாக வைத்திருந்தார்கள். அக்கரையில் கனடாக்காரர்களின் வண்டிகளும் இதேபோல வரிசையாக நின்றன, இந்தப் பக்கம் முகம் வைத்து.

"மரீஸ்."

"என்னம்மா?"

"ஊர்க்காரங்ககிட்ட ஒரு மாசமா கதவு தட்டிக் கேட்டேன். உன்கிட்ட நான் கேக்கவே இல்லை. கேக்க எனக்கு உரிமை இருக்கான்னும் தெரியலை." அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டேதான் பேசினாள். "உனக்கு அப்படித் தோணினா மட்டும். தோணலைன்னா ஒண்ணும் சொல்ல வேண்டாம், நான் புரிஞ்சுக்குவேன். ஆனா தோணுச்சுன்னா, மனசுக்குள்ள வச்சுக்காதே. வாயைத் திறந்து, என்னைப் பார்த்து, போகாதே அம்மான்னு ஒரே ஒரு தடவை சொல்லு."